முகாமுக்கு மறுநாள்

 

நான் மருத்துவம் படித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பிறகு மாவட்டப் பொது சுகாதாரப் பணியிலும் வாழ்நாளைக் கழித்தேன். அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றியே பேசுகிறேன். ஒரு கல்லூரி தன்னைச் சுற்றியிருக்கும் ஊர்களின் உடல்நலத்துக்கு என்ன செய்ய முடியும்? மருத்துவக் கல்லூரியைக் கேட்கவில்லை. தமிழும் வணிகவியலும் கணிதமும் கணினியும் சொல்லித் தரும் திருப்புலிவனத்தில் இருக்கும் உங்கள் கல்லூரியைப் போன்ற ஒன்றைக் கேட்கிறேன்.

இந்த உத்திரமேரூர்ப் பக்கம் மேடை ஏறுகிறவர்கள் குடவோலைத் தேர்தல் கல்வெட்டைச் சொல்லாமல் இறங்குவதில்லை. பெருமைக்குரிய செய்திதான். ஆனால் இன்றைய பேச்சுக்கு இதே வட்டாரத்தில் இருக்கும் இன்னொரு கல்வெட்டு எனக்குத் தேவைப்படுகிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து, அதாவது பதினோராம் நூற்றாண்டுப் பிற்பாதியைச் சேர்ந்த நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. அங்கே வேதமும் இலக்கணமும் சொல்லித் தந்த ஒரு கல்விச்சாலை, மாணவர் தங்கும் விடுதி, கூடவே 'வீரசோழன்' என்ற பெயரில் 15 படுக்கை கொண்ட ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டு வருபவர் எனப் பணியாளர்களுக்கு எவ்வளவு நெல் என்று கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் இருக்கிறது. மாணவர்கள் சனிக்கிழமை தேய்த்துக் குளிக்க எண்ணெய், படுக்கப் பாய், இரவில் விளக்கு ஆகியவற்றுக்கும் ஒதுக்கீடு உண்டு.

படிப்பைத் திட்டமிட்டவர்கள் படிக்கிறவனின் உடம்பையும் சேர்த்துத் திட்டமிட்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆனால் அந்த ஆதுலசாலை கோயிலைச் சேர்ந்தவர்களுக்கும் அங்கே படித்தவர்களுக்குமாக அமைந்தது. அங்கே படிக்கும் உரிமையும் எல்லோருக்கும் இருக்கவில்லை. அன்று கல்விச்சாலைக்கு வெளியே நின்றவர்களின் வழிவந்த பிள்ளைகள்தான் இன்று என் முன்னால் பட்டம் வாங்க உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே உங்கள் கல்லூரியின் ஆதுலசாலைக்குச் சுவர் இருக்கக்கூடாது. அது ஊருக்குள் நடந்து போக வேண்டும்.

நான் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் சமூக மருத்துவம் என்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு என்றுதான் பல மாணவர்கள் நினைத்தார்கள். எல்லோருக்கும் அறுவைச் சிகிச்சை அரங்கின் மேல்தான் ஆசை. ஒரு பேராசிரியர் மட்டும் எங்களைக் கிராமத்துக்குக் கூட்டிப்போய், ஆளுக்குச் சில வீடுகளை ஒப்படைத்து, அந்த வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எங்கே எடுக்கிறார்கள், சமையல் புகை எந்த வழியாகப் போகிறது என்று எழுதி வரச் சொன்னார். அவர் அடிக்கடி சொன்ன கதை ஒன்று என் வாழ்க்கையைத் தீர்மானித்தது.

1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து நடத்தின. காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல சாப்பாடு, நல்ல காற்று, முழு ஓய்வு வேண்டும் என்று உலகமே நம்பிய காலம் அது. இந்தியாவில் அத்தனை நோயாளிகளுக்கும் படுக்கைக்கு எங்கே போவது? சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறுபாதிக்கு அதே மாத்திரையைக் கொடுத்து, நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது சானடோரியத்தில் 92 சதவீதம் பேரும், வீட்டில் 86 சதவீதம் பேரும் நல்ல நிலைக்கு வந்திருந்தார்கள். வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959இல் முடிவு வெளியானது. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வந்ததற்குப் பெரிய காரணம் நம் சென்னையில் நடந்த இந்த ஆய்வு.

இதில் என் பேராசிரியர் அழுத்திச் சொன்ன பகுதி வேறு. அந்த 86 சதவீதம் மாத்திரையால் மட்டும் வரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மாத்திரையை எண்ணிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போனதா என்று உறுதி செய்தவர்கள் இருந்தார்கள். ஒருவர் வராவிட்டால் தேடிப் போனார்கள். மருந்தை எழுதுவது ஒரு நாள் வேலை; தேடிப் போவது வருடம் முழுக்க வேலை.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2020இல் தமிழக அரசு மாநில அளவில் ஓர் ஆய்வு நடத்தியது. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம். இத்தனைக்கும் இந்தியாவிலேயே முதன்முதலாக, 1939இலேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றிய மண் இது. மாத்திரை நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். பிறகு ஏன் நூறில் ஏழு பேர்? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. ஊரைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. அந்தப் பெண்கள் மருத்துவர்கள் அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

முன்பு நான் பணியாற்றிய ஓர் ஊரில் ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்தார் மருத்துவ முகாம் நடத்தினார்கள். பந்தல், பேனர், டீ, பிஸ்கட், வரிசையில் நின்ற கூட்டம், கடைசியில் ஒரு போட்டோ. நாற்று நடவிலிருந்து நேராக வந்த ஒரு அம்மாவுக்குப் பிரஷர் 190க்கு 110 இருந்தது. ஒரு மாணவி துண்டுச் சீட்டில் அதை எழுதி, 'ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா' என்று சொல்லிக் கையில் கொடுத்தாள். முகாம் முடிந்தது. மறுநாள் அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை. அந்த அம்மாவுக்குத் தலைவலியோ மயக்கமோ இல்லை. நன்றாக இருக்கும்போது எதற்கு மாத்திரை என்று இருந்துவிட்டார். சில மாதங்கள் கழித்து ஒரு விடியற்காலையில் ஷேர் ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். ஒரு பக்கம் இழுத்துவிட்டது, பேச்சு குழறியது. அவருடைய மகள் சுருக்குப் பையைப் பிரித்து அந்தச் சீட்டை என்னிடம் நீட்டினாள்.

அந்த மாணவி அதே ஊர்ப் பெண். செய்தி தெரிந்து பார்க்க வந்தாள். தன் கையெழுத்தை அந்தச் சீட்டில் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் ஒரு நீளக் கணக்கு நோட்டோடு என் அறைக்கு வந்தாள். பி.காம். படித்தவள், பேரேடு எழுதுவது போலவே கோடு போட்டிருந்தாள். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். யாருக்குப் பிரஷர், யாருக்குச் சுகர், கடைசியாக எப்போது பார்த்தது, மாத்திரை எந்தத் தேதியில் தீரும். தீர்ந்தும் வாங்காதவர்கள் பெயருக்குச் சிவப்பு மை. தெருவில் முதலில் சிரித்தார்கள், பிறகு திட்டினார்கள், பிறகு 'பாப்பா, என் தேதி என்னைக்கு?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைக்கே போய்ச் சிவப்பு மைக்காரர்களைப் பிடிப்பாள். வயதானவர்களின் சீட்டுகளை வாங்கிக்கொண்டு காலை டவுன் பஸ்ஸில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவாள். எங்கள் கிராம சுகாதார செவிலியர் அவளைத் தன் ஆளாகவே நடத்தினார். அவள் நோட்டு இருந்த காலத்தில் அந்தத் தெருவிலிருந்து பக்கவாதம் என்று ஒருவரும் வரவில்லை.

அவள் படிப்பை முடித்தாள், வேலை கிடைத்தது, ஊரை விட்டுப் போனாள். போகும்போது நோட்டை இன்னொரு மாணவியிடம் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது. பிறகு அந்த நோட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

நல்ல மனசு உள்ள ஒருவர் எந்த ஊரிலும் கிடைப்பார். அவர் போன பிறகு அந்த வேலையை வாங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். மருத்துவமனையால் அது முடியாது. அங்கே வரும் கூட்டத்துக்கே ஆள் போதவில்லை. கல்லூரிக்கு மட்டும்தான் ஆண்டுதோறும் சுற்றியிருக்கும் அதே ஊர்களிலிருந்து புதிய பிள்ளைகள் வருகிறார்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் முதலாம் ஆண்டு மாணவரிடம் ஒப்படைத்தால் நோட்டு சாகாது.

வேலூர் சி.எம்.சி. கல்லூரி முதலாம் ஆண்டு மாணவர்களையே கிராமத்தில் தங்கவைத்து வீடு வீடாகக் கணக்கெடுக்கச் செய்கிறது. பல பத்தாண்டுகளாகக் கணியம்பாடி ஒன்றியத்தை விட்டு அது நகரவில்லை, 1977இல் கே.வி.குப்பத்திலும் தனி மையம் தொடங்கியது. திண்டுக்கல் அருகே டாக்டர் சௌந்திரம் அம்மையார் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தில் மருத்துவமனையும் கல்வியும் ஒரே வளாகத்தில் வளர்ந்தன. இரண்டுமே ஓர் ஊரைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தவை. வருடத்துக்கு ஓர் ஊர் என்று மாறி மாறிப் போகும் முகாம்களில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

புதிதாகப் பணம் கேட்கவில்லை. 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இன்று பெரும்பாலான கல்லூரிகளில் இருக்கிறது. அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் தர வேண்டும். அந்த நேரத்தைக் கோயில் வளாகம் கூட்டுவதோடு முடிக்காமல், அந்த நோட்டைப் போன்ற வீட்டுப் பதிவேட்டுக்குக் கொடுங்கள். வேதியியல் மாணவர்கள் மாதம் ஒருமுறை தெருக்குழாய்த் தண்ணீரைச் சோதிக்கலாம். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போட்டால் மட்டும் போதாது, கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். அதை அறியும் சோதனை சில நிமிட வேலை. முடிவைக் கிராமசபையில் எழுந்து வாசியுங்கள். வயிற்றுப்போக்கு பாதி குறையும் என்பது என் அனுபவம். கணினித் துறை நோட்டைக் கணினியில் ஏற்றட்டும். தமிழ்த் துறைக்கும் வேலை இருக்கிறது. 'பிரஷர் மாத்திரையை ஒருமுறை தொட்டால் விடவே முடியாது, அதனால் தொடாதே' என்று ஊரில் பரவியிருக்கும் பேச்சுக்குப் பதில் சொல்லும் மொழி மருத்துவர்களிடம் இல்லை. அது உங்களிடம்தான் இருக்கிறது.

இரண்டு நிபந்தனைகள் சொல்கிறேன், கண்டிப்பாக. நோட்டில் இருப்பது வெளியே பேச்சாகக்கூடாது. ஒரு பெண்ணின் நோய் டீக்கடைக்குப் போனால் அடுத்த வீடு கதவைத் திறக்காது. இன்னொன்று, ஊர்த்தெரு, காலனி இரண்டிலும் ஒரே மாணவர் குழு போக வேண்டும். பிரித்து அனுப்பினால் அந்தப் பதிவேடே வேண்டாம்.

கல்லூரிக்குள்ளும் ஒன்று சொல்ல வேண்டும். தேசிய குடும்பநல ஆய்வின்படி 2019-21இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் எத்தனை பேர் காலை சாப்பிட்டுவிட்டு வந்தீர்கள்? பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் டீயோடு கிளம்புகிறவர்களை எனக்குத் தெரியும். கழிவறை சரியில்லை என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றோடு என்னிடம் வந்த கல்லூரிப் பெண்களும் பலர். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரில் காலை உணவு வந்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைக்கும் பசிக்கும். அரசு வரும்வரை காத்திராமல், முன்னாள் மாணவர்களும் கேண்டீனும் சேர்ந்து காலையில் ஒரு கிண்ணம் பொங்கலும் சுண்டலும் கொடுக்க முடியும். சுத்தமான, தண்ணீர் வரும், தாழ்ப்பாள் உள்ள கழிவறையை நூலகத்துக்குச் சமமான தேவையாகக் கருத வேண்டும் என்று கல்லூரி முதல்வர் அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.

பட்டதாரிகளே, உங்களில் பலர் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறப் போகிறீர்கள். இரவு ஷிப்ட் தூக்கத்தைத் தின்னும்; ஓவர்டைம் சாப்பாட்டு நேரத்தைத் தின்னும். சிலர் கிரஷர் தூசி பறக்கும் சாலையோரத்தில் வேலை பார்ப்பீர்கள். முகக்கவசத்தைக் கேட்டு வாங்குங்கள், ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அதைக் கேட்கும் தைரியமும் இந்தப் பட்டத்தோடு சேர்ந்து வந்ததுதான்.

முதல்வர் அவர்களிடம் என் வேண்டுகோள் இது: வரும் கல்வியாண்டில் திருப்புலிவனம் என்ற ஒரே ஊரை எடுத்துக்கொள்ளுங்கள், பத்து ஆண்டுகளுக்கு விடாதீர்கள். பட்டதாரிகளான உங்களிடம் என் வேண்டுகோள் இன்னும் சிறியது. பட்டத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாவுக்கு எப்போது பிரஷர், சுகர் பார்த்தது என்று கேளுங்கள். பார்த்து ஓராண்டு ஆகியிருந்தால், வேலையில் சேர்வதற்கு முன் நீங்களே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். மாத்திரை எந்தத் தேதியில் தீரும் என்பதையும் எழுதி வையுங்கள்.