மனச்சோர்வும் தொழில் தேடலும்

(குருக்கள்மடத்தில் நடைபெற்ற எமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



இம்மேடையில் ஏறும் மாணவர் கல்வியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவது வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்டது அத்துணை இனிய பொருள் அன்று. மனச்சோர்வு என்னும் நோயிற் கிடந்து எழும்பும் ஒருவன் தொழில் தேடுவது எப்படி என்பதே எமது பொருள். இதைப் பேச வேண்டாம் என்று வீட்டில் தடுத்தார்கள். "தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசுற காலம். இதையெல்லாம் ஊரறியச் சொல்லலாமா?" என்று அம்மா கேட்டா. கேட்டதில் நியாயம் உண்டு. ஆயினும், ஒளித்து வைப்பதால் இந்நோய் குறைவதில்லை, ஒளித்தவனுக்குத் துணையும் கிடைப்பதில்லை என்று கண்டமையாற் பேசத் துணிந்தோம். அம்மாவும் இன்று பின்வரிசையில் வந்திருக்கிறா.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு முடிவில் எமக்கு இந்நோய் கண்டது. நித்திரை இல்லை, சோறு இறங்கவில்லை, புத்தகத்தை விரித்தால் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு வருட விடுப்பெடுத்து ஊருக்கு வந்தோம். சோம்பல் என்றனர் சிலர். செய்வினை என்றனர் சிலர். காதல் தோல்வி என்று கதை கட்டியவரும் உளர். ஈற்றில் மாமா ஒருவர் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு எம்மைக் கூட்டிச் சென்றார். "இது ஒரு நோய், இதற்குச் சிகிச்சை உண்டு, மருந்தின் பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும், சுகம் கண்ட பின்னரும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும், சொல்லாமல் நிறுத்தக் கூடாது" என்றார் வைத்தியர். 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 28 கோடி மக்கள் மனச்சோர்வோடு வாழ்ந்தனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நீண்ட போரையும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி பொங்கி வந்த கடலையும் கண்ட எமது மண்ணில் இந்நோய் இல்லை என்று எவர் சொல்வார்?

மருந்து தொடங்கிய இரண்டாம் மாதத்தில் நித்திரை திரும்பியது, சோறும் இறங்கியது. வேலை செய்யும் துணிவு மட்டும் திரும்பவில்லை. அங்கேதான் இரண்டு பிழைகள் விட்டோம்.

முதற்பிழை, "முழுச் சுகமும் வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று காத்திருந்தது. நான்கு மாதங்கள் விறாந்தையிற் கழிந்தன. கல்முனை வீதியிற் போகும் பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டு நேரம் அறிவோம். செய்ய ஒன்றும் இல்லாத பகல் நீண்டுகொண்டே போகும். நீண்ட பகலில் கெட்ட நினைவும் வளரும்.

இரண்டாம் பிழை, வெட்கம் தாங்காமல் ஒரேயடியாய்ப் பாய்ந்தது. கொழும்பில் ஓரிடத்தில் காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை வேலை. நோயைப் பற்றி எவரிடமும் மூச்சு விடவில்லை. கிளினிக் நாளுக்கு லீவு கேட்க அஞ்சினோம், மருந்தும் தவறியது. மூன்றாம் கிழமை முடியுமுன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரவு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தோம். அங்கிருந்தவர்களிற் குற்றம் இல்லை; அவர்களுக்கு நாம் ஒன்றும் சொல்லவில்லையே.

அதன்பின் அதே மாமாதான் வழிகாட்டினார். அவருக்கு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயல். அது பெரும்போக அறுவடைக் காலம். "கிழமையில ரெண்டு காலை என்னோட வா தம்பி. மூட்டையை எண்ணிக் கொப்பியில எழுது. பத்து மணிக்குத் திரும்பிடலாம்" என்றார். குருக்கள்மடம் துறையிற் பாதையில் ஏறி அம்பிளாந்துறைக்குக் கடந்தோம். முதல் நாள் கணக்குப் பிழைத்தது. திரும்ப எண்ணச் சொன்னார். வேறொரு வார்த்தையும் சொல்லவில்லை. கூலியைக் கையில் எண்ணித் தந்தார். சிறிய தொகைதான், ஆயினும் அன்றிரவு அம்மாவிடம் அதைக் கொடுத்தபோது நெடுநாளைக்குப் பின் நாம் ஒரு மனிதராய் உணர்ந்தோம். இரண்டு காலை பின்னர் நான்காயிற்று. அதற்குப் பின், மாலையில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தோம். வருட முடிவிற் பல்கலைக்கழகம் திரும்பினோம்.

முன்னைய இரண்டும் பிழைத்து மூன்றாவது பலித்த காரணம் யாது? வேலை சிறிது, நேரம் திட்டம், நோயை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தார், மருந்தும் கிளினிக்கும் தவறவில்லை. இந்நான்குமே காரணம். பின்னர் வாசித்தபோது, எமது மாமா அறியாமற் செய்ததை அறிஞரும் ஆராய்ந்து கண்டிருப்பதை அறிந்தோம்.

2016ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மனச்சோர்வுற்ற 440 பேரிடையே நடத்திய ஆய்வொன்று வெளியாயிற்று. அன்றாடச் செயல்களைச் சிறிது சிறிதாய்த் திட்டமிட்டு மீளத் தொடங்கச் செய்யும் எளிய முறையை, உளவியல் நிபுணர் அல்லாத இளநிலை ஊழியர் கையாண்டனர். நிபுணர் நடத்திய சிந்தனைச் சிகிச்சைக்கு அது பலனிற் குறையவில்லை. மனம் தெளிந்த பின்னரே செயல் என்று நாம் எண்ணுகிறோம். இந்நோயிலோ சிறு செயல் முன்னே நடக்க, மனம் பின்னே வருகிறது.

அமெரிக்காவில் 1990களில் டெபோரா பெக்கர், ரொபேட் டிரேக் என்போர் வேறொரு முறையை வகுத்தனர். நெடுநாட் பயிற்சிக்குப் பின் வேலை என்னும் பழைய வழக்கை மாற்றி, வேலையை முதலில் தேடிக் கொடுத்து, வேலையில் இருக்கும்போதே துணை நின்றனர். கடும் மனநோயாளரிடையே பல நாடுகளிற் பரீட்சித்தபோது, மற்றைய முறைகளிலும் பார்க்க ஏறக்குறைய இரு மடங்கானோர் வேலையில் அமர்ந்தனர். அயலிலே சென்னையில், 1961ஆம் ஆண்டு அரசினர் மனநோய் வைத்தியசாலையின் அத்தியட்சராகிய வைத்திய கலாநிதி சாரதா மேனன் அவர்கள், நோயாளருக்குத் தொழில் கற்பிப்பதைச் சிகிச்சையின் அங்கமாகவே கொண்டார். 1984இல் அவர் தொடங்கிய ஸ்காவ் நிறுவனம், 2021இல் அவர் மறைந்த பின்னரும் அப்பணியைத் தொடர்கிறது.

நாம் கற்றது மிஷன் பாடசாலையில். எலியா என்னும் தீர்க்கதரிசி வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ்க் கிடந்து சாவை வேண்டிய கதையை அங்கே கேட்டோம். வந்த தூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து உறங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிக் கொடுத்தான். வேலை அதற்குப் பின்னரே வந்தது. எலிசா என்னும் துணையும் உடன் வந்தது. வீட்டிற் கேட்ட கதை, வில் நழுவத் தேர்த்தட்டில் அமர்ந்த அருச்சுனனுடையது. கேட்ட கேள்விக்கெல்லாம் கண்ணன் விடை சொன்னான். தேரை விட்டு இறங்கிப் போகவில்லை. இரு கதையிலும் நாம் கண்டது துணையைத்தான்.

வாலிப நண்பர்களே, இந்நோய் உங்களில் ஒருவருக்கு வந்தால், மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். முழுச் சுகத்துக்கும் காத்திராதீர்கள். முழு வேலையிலும் உடனே பாயாதீர்கள். வேலை செய்யும் இடத்தில் நம்பத்தக்க ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். நேர்முகப் பரீட்சையில் "இந்த ஒரு வருடம் என்ன செய்தீர்?" என்று கேட்டால், "சுகவீனமாய் இருந்தேன், சிகிச்சை பெற்றேன், பின் இன்ன வேலை செய்தேன்" என்று சொன்னாற் போதும். பொய்யும் வேண்டாம், முழுக் கதையும் வேண்டாம். சாவை நினைக்கும் அளவுக்கு மனம் இருண்டால் ஒரு நாளும் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்திற்கும் பேசலாம்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். "தம்பி, இப்ப என்ன செய்யிறாய்? இன்னும் வேலை கிடைக்கல்லையா?" என்று அன்போடுதான் கேட்கிறீர்கள். அக்கேள்விக்கு அஞ்சியே நாம் நான்கு மாதம் வீதிக்கு வரவில்லை. அரசாங்க உத்தியோகமே உத்தியோகம் என்னும் எண்ணத்தையும் சற்றே தளர்த்துங்கள். 2017ஆம் ஆண்டு மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் பட்டதாரிகள் வேலை கேட்டு நாட்கணக்காய் இருந்ததை அறிவீர்கள். சுகதேகிகளே காத்து நின்ற வரிசை அது. அதே வரிசையில் நோயிலிருந்து எழும்புபவனையும் நிறுத்தி, அதுவரை வேறு வேலை செய்யாதே என்பது முறையாகுமா?

எமது சங்கத்துக்கும் ஒன்று கூறுவோம். இங்கே வயல் உடையவர், கடை வைத்திருப்பவர், தச்சுப்பட்டறை நடத்துபவர் பலர் இருக்கிறீர்கள். கிழமையில் இரண்டு காலை ஒருவனுக்கு வேலை கொடுக்கவும், பிழைத்த கணக்கைத் திரும்ப எண்ணச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவும் உங்களில் எத்தனை பேர் உடன்படுவீர்கள்? கூட்டம் முடிந்ததும் பெயர் எழுதிக்கொள்ள இங்கே கொப்பியோடு இருப்போம். முதற்பெயரை எமது மாமா நேற்றே எழுதிவிட்டார்.