யாருக்கு அஞ்ச வேண்டும்?



கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட ஒருவர் கரையேறிய மண் இந்தத் திருப்பாதிரிப்புலியூர் மண். அந்த இடத்துக்கு இன்றும் கரையேறவிட்ட குப்பம் என்றுதான் பெயர்.

திருவாமூரில் பிறந்த மருணீக்கியார், சமணப் பள்ளியில் தருமசேனராகத் தலைமை வகித்தவர். சூலை நோய் வாட்டியபோது தமக்கை திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்தார், நீறு பூசினார், நாவுக்கரசர் ஆனார். சமணம் சார்ந்த பல்லவ மன்னன் அவரை அழைத்துவர ஆள் அனுப்பினான். சிவனுக்கு ஆளானவனை அழைக்க அரசனுக்கு உரிமையில்லை என்று பாட்டாலேயே பதில் சொன்னார். நீற்றறையில் ஏழு நாள் அடைத்தார்கள், நஞ்சு கலந்த சோறு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள், கடைசியில் கடல். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் வரலாறு இது. எந்த இடத்திலாவது அவர் பணிந்தாரா?

கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் எருசலேமிலும் இதே சோதனை வந்தது. சிரியாவும் இஸ்ரவேலும் சேர்ந்து வரும் செய்தி கேட்டு யூதாவின் அரசன் ஆகாஸ் நடுங்கினான். ஊர் நடுங்குகிறதென்று நீயும் நடுங்காதே, ஆண்டவன் ஒருவனுக்கே அஞ்சு என்றார் தீர்க்கதரிசி ஏசாயா. ஆகாஸ் கேட்கவில்லை. ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் அள்ளி அசீரிய மன்னனுக்கு அனுப்பினான், அவனுக்கே அடிமையானான்.

நம்மில் எத்தனை ஆகாஸ்கள்! இந்த ஊர்ப் பாடலீசுவரர் சன்னதியில் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். கோபுர வாசலைத் தாண்டியதும் கந்துவட்டிக்காரன் முன் கைகட்டி நிற்கிறோம். அநியாயத்தைக் கண்ணால் கண்டும், நமக்கேன் வம்பு என்று சாட்சி சொல்ல மறுக்கிறோம். இதுவா பக்தி?

இன்னொன்றும் சொல்கிறேன்; சிலருக்குக் கசக்கும். பின்னர் மனம் மாறிய அந்தப் பல்லவ மன்னன் இந்த ஊரான பாடலியின் சமணப் பள்ளியை இடித்து, திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான் என்கிறது அதே பெரியபுராணம். அதற்கு நான் கைதட்ட மாட்டேன். நேற்று சைவரை ஒடுக்கிய அதிகாரம் மறுநாள் சமணரை ஒடுக்கியது. சமயம் மாறியது, மிரட்டல் மாறவில்லை. நாவுக்கரசர் கையில் ஏந்தியதோ, கோயில் முற்றத்தில் புல் செதுக்கும் உழவாரம்!

கடவுளுக்கு அஞ்சுகிறவன் மனிதனுக்கு அஞ்ச மாட்டான். மனிதனை அஞ்ச வைக்கவும் மாட்டான். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது பக்தி ஆகாது.

ஆகவே கேட்கிறேன்: பயந்துபோய்ச் சொல்லாமல் விட்ட சாட்சியை நாளைக்கே போய்ச் சொல்லுங்கள். வேறு சாமி கும்பிடும் பக்கத்து வீட்டுக்காரரை எவனாவது மிரட்டினால், அவருக்கு முன்னால் போய் நில்லுங்கள். இந்த மண்ணில் பிறந்தவர்கள் செய்ய வேண்டிய வழிபாடு அதுதான்!