முதல் ஒலிப்பதிவும் முதல் பயணமும்



இன்றைய அங்கத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள், தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடும் இளம் கலைஞர்களைப் பற்றியது. கையில் ஒரு கித்தாரும் கணினியும் இருந்தால் போதும், வீட்டு அறையிலேயே பாட்டுப் பதிவு செய்யலாம் என்ற காலம் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பதிவு செய்த பிறகு என்ன? முதல் தொகுப்பை யாரிடம் கொடுப்பது? ஊர் ஊராகப் போய்ப் பாடும் முதல் இசைப்பயணத்துக்கு யார் பணம் போடுவது? "இதெல்லாம் சோறு போடுமா?" என்று அப்பா கேட்டால் மகனோ மகளோ என்ன பதில் சொல்வது?

பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது. நம் நாட்டிலேயே நம் கண்முன் நடந்த ஒன்றைப் பார்ப்பது நல்லது. பாடகி யூனாவைச் சொல்லலாம்.

யூனா 1986-ஆம் ஆண்டு நவம்பரில் கெடா மாநிலம் அலோர்ஸ்டாரில் பிறந்தவர். வளர்ந்தது சுபாங் ஜெயாவில். 14 வயதிலேயே பாட்டெழுதத் தொடங்கியவர், பிறகு கித்தார் வாசிக்கவும் கற்றுக்கொண்டு 2006-இல் முதன்முதலாக மேடையேறினார். அப்போது அவர் ஷா ஆலாம் யூ.ஐ.டி.எம். பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பாட்டுக்காக அவர் படிப்பை விடவில்லை, படிப்புக்காகப் பாட்டையும் விடவில்லை. இரண்டையும் இழுத்துக்கொண்டு போனார். சட்டம் படித்தது வீணா என்றால், பின்னால் ஒப்பந்தங்களில் கையெழுத்திட வேண்டிய ஒருவருக்கு அதைவிடப் பயனுள்ள படிப்பு வேறு எது?

அந்தக் காலத்தில் இளம் பாடகர்களுக்கெல்லாம் கடைவீதியாக இருந்தது மைஸ்பேஸ். யூனா தம் பாடல்களை அங்கே ஏற்றினார். மலாயில் ஒரு பாட்டு, ஆங்கிலத்தில் ஒரு பாட்டு என்று இரண்டு மொழியிலும் எழுதினார். மலாய்ப் பாட்டு உள்ளூர் வானொலிக்குப் போனது. ஆங்கிலப் பாட்டு, அவர் அறியாத நாடுகளில் இருந்தவர்களின் காதுக்குப் போனது. 2008-இல் அவர் தம் பெயரிலேயே ஒரு சிறு தொகுப்பு வெளியிட்டார். பெரிய நிறுவனத்தின் பெரிய விளம்பரம் எதுவும் அதற்கு இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு, 2009-இல், ஏ.ஐ.எம். இசை விருது விழாவில் சிறந்த புதுமுகம், சிறந்த பாடல் உட்பட நான்கு விருதுகள் அவருக்குக் கிடைத்தன. சிறந்த பாடலாகத் தேர்வு பெற்ற 'டான் செபெனார்ஞா' அவரே எழுதியது. சட்டப் படிப்பை முடித்ததும் அதே ஆண்டில்தான்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்வாரும் உண்டு. அப்படியானால் அதே காலத்தில் இன்னொருவருக்கும் அந்த அதிர்ஷ்டம் அடித்ததை எப்படி விளக்குவது? சரவாக், மிரியைச் சேர்ந்த ஸீ அவி, 2007-இல் தம் அறையில் அமர்ந்து பாடிய காணொளிகளை யூடியூப்பில் போட்டார். அமெரிக்காவின் ரகான்டர்ஸ் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் பேட்ரிக் கீலர் அதைப் பார்த்தார். விளைவாக 2009-இல் ஜாக் ஜான்சனின் பிரஷ்ஃபயர் நிறுவனத்தின் வழி அவருடைய முதல் தொகுப்பு வெளிவந்தது. மலாயும் ஆங்கிலமும் கலந்து நம் ஊர்க்காரர்கள் பேசுவது போலவே அமைந்த 'கந்தோய்' என்ற பாட்டும் அதில் உண்டு. கலப்பு மொழியில் பாடினால் வெளிநாட்டான் கேட்பானா என்று தயங்குவோர் அந்தத் தொகுப்பை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

யூனாவிடம் வருவோம். 2011-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஃபேடர் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. அமெரிக்காவில் அவருக்கு வெளியிட்ட முதல் தொகுப்பு 'டெக்கரேட்'. மொத்தமே ஐந்து பாடல்கள்தாம். 2010-இல் அதே பெயரில் ஒரு தொகுப்பு இங்கே ஏற்கெனவே வந்திருந்தது. இங்கே எல்லாருக்கும் தெரிந்த பாடகி, அங்கே யாருக்கும் தெரியாத புதுமுகம்! நான்கு விருதுகளையும் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். பலரால் முடியாதது இதுதான். உள்ளூரில் கிடைத்த கைதட்டலைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது.

2012-இல் ஃபாரெல் வில்லியம்ஸ் இசையமைத்து உருவாக்கிய பாடலோடு அவருடைய அமெரிக்க முழுத்தொகுப்பு வந்தது. அதே ஆண்டு சிகாகோவின் லொல்லப்பலூசா இசைவிழா மேடையிலும் அவர் பாடினார். பத்திரிகைகள் இதைத்தான் எழுதும். அந்த மேடைக்குப் போய்ச் சேரும் வழியை யாரும் அதிகம் எழுதுவதில்லை. இன்றைய இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

அமெரிக்காவில் புதிய கலைஞரின் முதல் இசைப்பயணம் எப்படி இருக்கும்? பெரும்பாலும் அது அவருடைய நிகழ்ச்சியாகவே இருக்காது. ஓரளவு பெயர் பெற்ற இன்னொரு குழுவுக்கு முன்னால் அரை மணி நேரம் பாடுவார். சீட்டு வாங்கி வந்தவர்கள் அந்தக் குழுவைப் பார்க்க வந்தவர்கள். பாதிப்பேர் வெளியே குடித்துக்கொண்டிருப்பார்கள், மீதிப்பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்தைப் பாட்டாலேயே அடக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் கூலி, வாத்தியக்காரர்களுக்கும் வேனுக்கும் விடுதிக்கும் போதாது.

தூரத்தையும் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஏறக்குறைய 330 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்குச் சாலை வழியாக 1,250 கிலோமீட்டருக்கும் மேல். இன்றிரவு பாடிவிட்டு, வாத்தியங்களைத் தாமே தூக்கி வேனில் ஏற்றி, இரவெல்லாம் ஓட்டிப் போய் அடுத்த ஊரில் இறங்க வேண்டும். தொண்டை கட்டிக்கொண்டால் ஓய்வெடுக்க நாள் இருக்காது.

இதற்கு முன்பே விசா என்ற மதில் இருக்கிறது. சுற்றுப்பயணியாகப் போய் அங்கே சம்பளத்துக்குப் பாட முடியாது. அந்த நாட்டு நிறுவனமோ முகவரோ கலைஞருக்காக விண்ணப்பிக்க வேண்டும். இவர் தகுதியுள்ளவர் என்பதற்குப் பத்திரிகைச் செய்திகள், விருதுகள், ஒப்பந்தங்கள் எல்லாம் இணைக்க வேண்டும். அலமாரியில் வைத்த விருது அங்கேதான் உதவிக்கு வருகிறது. ஆகவே இளம் கலைஞர்கள் தங்களைப் பற்றி வரும் செய்தித்தாள் துண்டுகளைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம்!

சரி, பணம்? இசை நிறுவனம் கொடுக்கும். ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது அன்பளிப்பு அல்ல, முன்பணம். கலைஞரின் பங்கிலிருந்து பின்னால் கழித்துக்கொள்வார்கள். ஒலிப்பதிவுச் செலவும் பல சமயம் அந்தக் கணக்கில்தான் ஏறும். தொகுப்பு நன்றாக விற்றும் கைக்கு ஒன்றும் வரவில்லை என்று கலைஞர்கள் புலம்புவதற்குக் காரணம் இதுதான். ரொக்கமாகக் கைக்கு வருவது மேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு விற்கும் சட்டைகளும் இசைத்தட்டுகளும். பாடி முடித்த வியர்வையோடு அந்த மேசையில் போய் நின்று கையெழுத்துப் போடும் கலைஞரே அடுத்த ஊருக்கு எண்ணெய் போடுகிறார். யூனா சுபாங் ஜெயாவில் துணிக்கடை நடத்தியவர். வாடிக்கையாளரின் முகம் பார்த்துப் பழகியவர். அந்த அனுபவம் இசைக்கு வெளியே இருந்ததாக எண்ண வேண்டியதில்லை.

அவர் தலையில் முக்காடு அணிந்து பாடுபவர். மேலைநாட்டு மேடையில் இது எதற்கு என்று ஒரு பக்கம் கேள்வி. முக்காடு போட்டவர் கித்தாரோடு மேடையேறலாமா, இப்படிக் கட்டலாமா அப்படிக் கட்டலாமா என்று இன்னொரு பக்கம் கேள்வி. இரண்டு பக்கத்தாரையும் திருப்திப்படுத்த முயன்றிருந்தால் அவர் பாட்டு எழுத நேரம் இருந்திருக்காது. அவர் முக்காட்டையும் எடுக்கவில்லை, மேடையையும் விடவில்லை. தமிழ்ப் பெண் பிள்ளைகள் மேடையேறும்போது அவர்களுடைய உடையை அளந்து பார்க்கும் உறவினர்களும் இதை யோசிக்கலாம்.

நேயர்களே, இதுவரை சொன்னது பயணத்தைப் பற்றி. அதைவிடப் பெரியது உரிமை. ஒரு பாடலில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. சொல்லும் மெட்டும் ஒரு சொத்து. அதைப் பாடிப் பதிவு செய்த மூல ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. வீடும் நிலமும் வேறு வேறு பெயரில் இருப்பது போல இவையும் இருக்கலாம். அமெரிக்காவின் டெய்லர் ஸ்விஃப்டுக்கு நடந்தது உலகமே அறிந்தது. அவருடைய முதல் ஆறு தொகுப்புகளின் மூலப்பதிவுகள் 2019-இல் அவர் கையில் இல்லாமலேயே கைமாறின. ஆனால் பாடல்களை எழுதியவர் என்ற உரிமை அவரிடம் இருந்தது. அதனால் 2021 முதல் பழைய தொகுப்புகளை மறுபடியும் பாடிப் பதிவு செய்து வெளியிட்டார். 2025-இல் பழைய மூலப்பதிவுகளையும் விலை கொடுத்து வாங்கினார். அவரிடம் பணம் இருந்தது, வாங்கினார். கிள்ளானில் வாடகை அறையில் பதிவு செய்யும் பிள்ளைக்கு அந்த வசதி வராது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதிப் பதிவு செய்துவிட்டாலே உரிமை பிறந்துவிடுகிறது, பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. 2012 முதல் விரும்பினால் மைஐபிஓவில் சத்தியப் பிரமாணத்தோடு அறிவித்து வைக்கலாம். பின்னால் வழக்கு வந்தால் அது கைகொடுக்கும். ஆனால் அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவை எத்தனை பேர் படித்திருக்கிறார்கள்? ஒருவர் கேட்டுக்கொண்டு, அவருக்காகப் பாட்டு அமைத்துக் கொடுத்தால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை அதன் உரிமை கேட்டவருக்கே போய்விடும். நாடகத்துக்கு ஒரு முகப்புப் பாட்டு, குறும்படத்துக்கு ஒரு பாட்டு என்று நட்புக்காகச் செய்து கொடுக்கும் இளைஞர்கள், "அண்ணன்தானே கேட்டார்" என்று காகிதமில்லாமல் கொடுத்துவிடுகிறார்கள். அண்ணனிடம் மரியாதை இருக்கட்டும். ஒரு பக்கக் காகிதமும் இருக்கட்டும். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிக்கும் பாட்டுக்கு எழுதியவருக்குப் பணம் வாங்கித் தரும் எம்.ஏ.சி.பி. சங்கம் 1989 முதல் இருக்கிறது. உறுப்பினராகாதவருக்கு அது எப்படி வாங்கித் தரும்?

மூலப்பதிவைப் பத்திரமாக வைத்திருப்பதும் உரிமையில் சேர்ந்ததுதான். யூனாவுக்கு வாசல் திறந்த மைஸ்பேஸ் என்ன ஆனது தெரியுமா? 2016-க்கு முன் ஏற்றப்பட்ட பாடல்கள் சேமிப்பை மாற்றும்போது அழிந்துவிட்டதாக அந்த நிறுவனமே 2019-இல் ஒப்புக்கொண்டது. 5 கோடிப் பாடல்கள் வரை போயிருக்கலாம் என்று அப்போது செய்தி வந்தது. சொந்தமாக ஒரு படி வைத்திராதவர்களின் முதல் பாட்டு அதோடு முடிந்தது. இன்றைக்கு நம் பிள்ளைகள் ஏற்றும் தளங்களும் வேறு ஒருவருடைய கட்டடம்தான்.

யூனாவின் கதையில் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2013-இல் வெர்வ் நிறுவனத்தின் வழி ஒரு தொகுப்பு. 2016-இல் 'சாப்டர்ஸ்'. அதில் அஷரோடு சேர்ந்து பாடிய 'கிரஷ்', அமெரிக்க பில்போர்டின் ஆர் அண்ட் பி வானொலிப் பட்டியல் ஒன்றில் மூன்றாம் இடம் வரை போனது. 2019-இல் 'ரூஜ்'. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. பெரிய நிறுவனத்தின் துணையில்லாமல், 2022-இல் தம் பாடல்களைச் சிறு சிறு தொகுப்புகளாக வெளியிட்டு, ஆண்டு முடிவதற்குள் 'ஒய்5' என்று நிறைவு செய்தார். 2008-இல் சிறு தொகுப்போடு தொடங்கியவர், பதினான்கு ஆண்டு கழித்து மறுபடியும் சிறு தொகுப்புக்கே வந்தார். ஆனால் இந்த முறை கணக்கும் சட்டமும் தெரிந்துகொண்டு வந்தார்.

நம் தமிழ்க் கலைஞர்களின் நிலை இதைவிடக் கடினம்தான், மறைக்க வேண்டியதில்லை. இந்நாட்டில் இந்தியர்களே ஏறக்குறைய 20 லட்சம் பேர். ஆனாலும் 2006-இல் யோகி பி-யும் நட்சத்ராவும் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டபோது அது தமிழ்நாடு வரை கேட்டது. அடுத்த ஆண்டே யோகி பி-யின் குரல் 'பொல்லாதவன்' படத்தில் ஒலித்தது. சந்தை சிறியதுதான், கடல் அகலமானதல்லவா?

ஆகவே முதல் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு முதல் பயணத்துக்குத் திட்டமிடும் இளைஞர்கள் அமெரிக்காவைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டாம். கிள்ளான், ஈப்போ, பினாங்கு, சுங்கை பட்டாணி, ஜொகூர் பாரு, பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். ஆறு ஊர். ஒவ்வோர் ஊரிலும் நூறு பேர் சீட்டு வாங்கி வந்தால் அது 600 பேர். அவர்களுடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும், அவர்கள் சம்மதத்தோடு, ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, வேன், சாப்பாடு என்று செலவைப் புறப்படுவதற்கு முன்பே எழுதி, வீட்டில் அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். நட்டம் வந்தால் எவ்வளவு வரை தாங்கலாம் என்பதையும் அவர்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். பெற்றோர்களே, பிள்ளை அந்தக் காகிதத்தோடு வந்து நின்றால், சோறு போடுமா என்று கேட்பதற்கு முன் கணக்கைப் படித்துப் பாருங்கள்.