பறவைக் கூடும் வீட்டு நலமும்

(நெமிலிச்சேரியில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இவ்வூரைச் சுற்றிப் பார்த்தபோது, பல வீடுகளின் கொல்லையிலும் மாடியிலும் கம்பி வலைக் கூடுகளைக் கண்டோம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் ஆஸ்திரேலியச் சிறுகிளிகளும் புறாக்களும் அவற்றில் வாழ்கின்றன. நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்து அடைப்பதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது என்பதை முதலில் நினைவூட்டுகிறோம்.

பறவை வளர்ப்பது நல்ல பொழுதுபோக்கே. ஆனால், வெளியில் திரியும் பறவை தன் எச்சத்தை விட்டுப் பறந்து போய்விடும். அடைபட்ட பறவையோ அதன் மேலேயே வாழ வேண்டும். வெயிலும் மழையும் செய்யும் துப்புரவை, கூட்டுக்குள் நாமே செய்தாக வேண்டும்.

செய்யாவிடில் வரும் கேடு பறவையோடு நிற்பதில்லை. கிளிக் காய்ச்சல் என்றொரு நோய் உண்டு. அதன் கிருமி எச்சத்தில் இருக்கும். எச்சம் உலர்ந்து தூசியானால் மூச்சோடு மனிதரின் நுரையீரலை அடையும். 1929–30இல் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய கிளிகளால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். இன்று அதற்கு நல்ல மருந்து உண்டு. பறவை வளர்ப்போருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வறட்டு இருமலும் கண்டால், 'வீட்டில் பறவை இருக்கிறது' என்று மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோயும் அவ்வாறே. அது கோழியை மட்டுமன்றிப் புறாவையும் கிளியையும் பற்றும்; ஒருவர் கூட்டிலிருந்து செருப்பிலும் கூடையிலும் ஒட்டி அடுத்த வீட்டுக் கொல்லைக்குச் செல்லும். பத்து நாட்டுக்கோழியை நம்பிப் பிள்ளையின் பள்ளிச் செலவைச் சமாளிக்கும் தாய்க்கு, அதனால் வரும் நட்டம் சிறிதன்று. கோழிகளுக்குக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

இனி, செய்யும் முறையைக் கூறுவோம். உலர்ந்த கூட்டைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. முதலில் நீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, பிறகே சுரண்டி அள்ள வேண்டும். குழந்தைகளை இவ்வேலைக்கு விடாதீர்கள். அள்ளிய கழிவைக் குளத்தங்கரையில் கொட்டாமல், குழியிலிட்டு மண்ணால் மூடுங்கள்.

நாள்தோறும் தண்ணீர்க் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் வையுங்கள். தரையில் விரித்த காகிதத்தை மாற்றுங்கள். சிந்திய தினையை அகற்றுங்கள். சிந்திய தினையே எலியை அழைக்கிறது. உட்காரும் குச்சிகளையும் வலையையும் வாரம் ஒருமுறை சோப்பு நீரால் கழுவுங்கள்.

மாதம் ஒருமுறை பறவைகளை வேறு கூட்டுக்கு மாற்றி, முழுக் கூட்டையும் கழுவிய பின், ஒரு லிட்டர் நீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளித்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு நல்ல நீரால் அலசி, வெயிலில் நன்கு உலர்த்துங்கள். அழுக்கின் மேல் மருந்து தெளித்துப் பயனில்லை. முதலில் கழுவுதல், பிறகே மருந்து. அதன் நெடி பறவைக்கு ஆகாது. முற்றும் உலர்ந்த பின்னரே உள்ளே விடுங்கள்.

புதிதாக வாங்கிய பறவையை 30 நாள் தனிக்கூட்டில் வைத்துக் கவனியுங்கள். பழைய பறவைகளுக்குத் தீனி வைத்த பிறகே புதியதிடம் செல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வடக்கிலும் கிழக்கிலும் படுதா கட்டுங்கள். நனைந்த தானியத்தில் பூசணம் பூத்துப் பறவையின் நுரையீரலைக் கெடுக்கும்.

நெருங்கிய வீடுகள் பெருகிவரும் ஊர் இது. ஒரு வீட்டுக் கொல்லையின் தூசி மறு வீட்டுத் தொட்டில் வரை செல்லும். ஆதலின், கூட்டைக் கழுவுவது பறவைக்கு மட்டுமன்றி அண்டை வீட்டாருக்கும் நாம் ஆற்றும் கடமையாகும். நாள்தோறும் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். அதற்கு இயலாதவர்கள் பறவை வாங்காதிருப்பதே நலம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.