அடுப்பும் பாலைமரமும்

(சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சமயப் பணிக்கென அமைந்த சங்கத்தில் விறகைப்பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும் திருவிழாவில் அன்னதானம் சமைப்பதும், பொங்கற்பானை பொங்குவதும், ஈற்றில் இவ்வுடலைச் சுடலையில் எரிப்பதும் விறகினாலன்றோ? ஆகவே இது நமக்குப் புறம்பான பொருளன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெருங்காடு இல்லை. நமது விறகுகாலைகளுக்கு நெடுங்காலமாக வன்னிக் காடுகளே கட்டைகளை அளித்துவந்தன. அக்காடுகளின் செல்வம் பாலை, வீரை, முதிரை முதலிய வைரமரங்கள். பாலைக்கட்டை நின்றெரியும், நல்ல தணல் தரும். அச்சிறப்பே அதற்குக் கேடாயிற்று. வைரம் மிக்க மரம் மெல்லவே வளரும். பல பத்தாண்டுகள் வளர்ந்ததை நாம் ஒரு பகலிற் சாம்பலாக்கிவிடுகிறோம். காய்க்கும் மரம் போனால் விதையும் போகும். அவ்விடத்தைப் பற்றைகள் மூடிக்கொள்ளும். தூரத்தில் நின்று பார்ப்பவருக்குக் காடு பசுமையாகவே தோன்றும். உள்ளேயோ பாலை அருகிவிடும். கோடையிற் பாலைப்பழத்தை நாடிவரும் கரடியும் பறவையும் ஏமாந்து திரும்பும்.

1956ஆம் ஆண்டில் இலங்கை நிலப்பரப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 44 பங்கு காடாயிருந்தது. 2010இல் அது 30 பங்கிற்குங் குறைந்தது. குடியேற்றமும் கமச்செய்கையும் இதற்குப் பெருங்காரணங்கள், விறகு மாத்திரமன்று. ஆனால் எஞ்சிய காட்டில் நல்ல மரங்களைத் தெரிந்தெடுத்து அழிப்பதில் விறகுக்கும் பங்குண்டு. 2022ஆம் ஆண்டில் எரிவாயு கிடையாது மக்கள் வரிசையில் நின்றபோது, பட்டினங்களிலும் விறகடுப்புத் திரும்பியதை நாம் கண்டோம்.

உலர்ந்து வீழ்ந்த கொம்பைப் பொறுக்கித் தலையிற் சுமந்துவரும் ஏழைத் தாயைப் பழித்தல் தகாது. பச்சைமரத்தைத் தறித்து லொறியில் ஏற்றும் வியாபாரமே பெருந்தீங்கு. அரசாங்கக் காட்டில் அனுமதியின்றி மரந்தறித்தல் 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி குற்றமாகும். ஆயினும் வாங்குவோர், “இக்கட்டை எங்கிருந்து வந்தது?” என்று கேளாதவரையிற் சட்டம் தனித்து யாது செய்யும்?

வாலிபர்களே, அக்கேள்வியை முதலில் நமது கோயில் மடைப்பள்ளியிற் கேட்போம். அன்னதானம் பெரும் புண்ணியந்தான். அதன்பொருட்டுப் பாலைமரம் வீழவேண்டுவதில்லை. பனைமட்டை, தென்னைமட்டை, பொச்சு, ஊமல் யாவும் நம் வளவுகளிலேயே கிடக்கின்றன. வேலிக் கதியாலாக நிற்கும் பூவரசும் சீமைக்கிளுவையும் வெட்ட வெட்டத் தளிர்ப்பவை. ஈரவிறகு தன் நீரை வற்றச்செய்வதிலேயே சூட்டைச் செலவிடும். ஆதலால் மாரிக்கு முன்னரே விறகை உலர்த்தி அடுக்கிவைத்தல் வேண்டும். ‘அனகி’ மண்ணடுப்பைப் பயன்படுத்தினாற் குறைந்த விறகே போதும்.

இன்னுமொன்று. தலவிருட்சத்தை வலம்வந்து வணங்கும் நாம், அம்மரத்தின் சுற்றத்தைக் காட்டில் அழியவிடலாமோ? கோயிற் காணிகளிற் பாலைக்கன்றுகளை நடுவோம். நட்ட அன்று படம் பிடித்துக்கொண்டு போய்விடாது, வேர் ஊன்றும்வரை கோடைதோறும் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றுவோம். அதன் பழத்தை உண்பவர் நம் பேரப்பிள்ளைகளாயிருக்கலாம். பெரியோர்கள் நமக்கு நட்டுத்தந்தவையும் அவ்வாறானவையே.

அடுத்த திருவிழாவிற்கு வேண்டிய விறகை வளவுகளிலிருந்து சேர்த்துக் கொடுக்கும் பொறுப்பை இச்சங்கம் ஏற்கவேண்டுமென்று கேட்டு அமர்கின்றேன்.