ஆமையும் இறாலும் உலக வணிக வழக்கும்

 

குரோம்பேட்டை என்னும் பெயர் எவ்வாறு வந்தது என்று மாணாக்கரைக் கேட்டால் பலரும் விழிக்கின்றனர். குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் வந்த பெயர் அது. பல்லாவரத்திலும் அத்தொழில் வேரூன்றிற்று. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டிய கைகளுள் நம்மவர் கைகளே மிகுதி. 1989இல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்னும் பூஞ்சைக்கொல்லிக்குத் தடை விதித்தபோது, நம் மாநிலத்துத் தோல் ஆலைகள் திணறின. இத்தகைய தடை உடல்நலங் காப்பதா, போட்டியை ஒழிக்கும் சூழ்ச்சியா?

இவ்வினாவை உலக வணிக அமைப்பு எங்ஙனம் ஆராய்கிறது என்பதற்கு இறால் வழக்கே தக்க சான்று. நீலாங்கரை, கோவளம் மணலில் முட்டையிட வரும் பங்குனி ஆமையை நாம் அறிவோம். கடலில் வாழினும் மேலே வந்தே அது மூச்சு விடவேண்டும். இழுவலையில் அகப்பட்டால் திணறி மடியும். வலையில் ஆமை தப்பும் கருவியைப் பொருத்தாத நாடுகளின் இறாலை வாங்கோம் என்பது அமெரிக்காவின் 1989ஆம் ஆண்டுச் சட்டம். அதனை எதிர்த்து இந்தியா, பாகிஸ்தான், தாய்லாந்து, மலேசியா ஆகிய நான்கும் 1996இல் முறையிட்டன.

1998 அக்டோபர் 12இல் மேல்முறையீட்டுக் குழு தீர்ப்பளித்தது. ஆமையைக் காப்பது முறையான நோக்கமே. வணிக ஒப்பந்தத்தின் 20ஆம் விதி அதற்கு இடந்தருகிறது. ஆயினும் சட்டத்தைச் செயற்படுத்திய முறை பாரபட்சமானது! கரீபியப் பகுதி நாடுகளுக்கு மூன்றாண்டுத் தவணை அளித்த அமெரிக்கா, நமக்கு நான்கே திங்கள் அளித்தது. அவர்களோடு கலந்து பேசி உடன்படிக்கை கண்டது. நம்மோடு அவ்வாறு பேசவில்லை. ஆக, வீழ்ந்தது சட்டமன்று, ஓரவஞ்சனையே. அமெரிக்கா முறையைத் திருத்திக்கொண்டது. மலேசியா மீண்டும் வழக்காடி 2001இல் தோற்றது.

வழக்கில் தரப்பினரல்லாத தன்னார்வ அமைப்புகள் தாமே அனுப்பும் மனுக்களையும் ஏற்கலாம் என்றது அதே தீர்ப்பு. நம் அரசு அதனை எதிர்த்தது. பணம் படைத்த மேலைநாட்டு அமைப்புகளின் குரலே மேலோங்கும் என்னும் அச்சம் பொருளற்றதன்று. எனினும், பேச இடம் மறுக்கப்பட்டே வளர்ந்த நாம் இதில் அரசோடு உடன்பட இயலவில்லை.

வெளிநாட்டான் சட்டத்தை மட்டும் குறை கூறுவதும் தகாது. 1996 ஆகஸ்டு 28இல் நம் உச்சநீதிமன்றமே, மாசு செய்தவரே செலவை ஏற்கவேண்டும் என விதித்து, ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் தண்டம் இட்டது. பல்லாவரம் அடங்கிய அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அவற்றுள் ஒன்று. ஆலை மூடினால் கூலி போகும். மூடாவிடில் கிணற்று நீர் போகும். இரண்டிலும் முதலில் இழப்பவன் தொட்டியில் நின்றவனே.

இறால் வழக்கைத் தீர்த்த அம்மேல்முறையீட்டுக் குழுவில் இன்று ஓர் உறுப்பினரும் இல்லை. புதியோரை நியமிக்க அமெரிக்கா இசையாமையால், 2019 டிசம்பர் முதல் அது செயலிழந்து கிடக்கிறது. தோற்ற நாடு மேல்முறையீடு செய்துவிட்டால் வழக்கு அந்தரத்தில் நிற்கிறது.