பவளமல்லிகைக் காம்பு



விசுவமடுவில் எங்கள் வளவின் கிணற்றடியில் ஒரு பவளமல்லிகை நின்றது. இரவில் பூத்து, விடியும்போது நிலமெல்லாம் உதிர்ந்து கிடக்கும். அம்மம்மா வெள்ளை இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டுச் செம்மஞ்சள் காம்புகளை மட்டும் சேர்ப்பா. நிழலில் உலர்த்திச் சுடுநீரில் ஊறவைப்பா. துணியை முதலில் கடுக்காய்ச் சாற்றிலும் பின்பு சீனாக்காரம் கரைத்த நீரிலும் நனைத்து, கடைசியாகப் பூச்சாயத்தில் அமிழ்த்துவா. துணி அந்திவானத்தின் நிறத்தில் வெளிவரும். குங்குமப்பூவிலுள்ள நிறமியின் இனமே அந்தக் காம்பிலும் உண்டென்று பிற்காலத்தில்தான் படித்தறிந்தேன்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிச் சொல்கிறார். அவற்றுள் சேடல் என்பது பவளமல்லிகை என்பர். நீலக் காக்கணத்தைக் கருவிளை என்றும் வெள்ளைக் காக்கணத்தைச் செருவிளை என்றும் அவர் பிரித்துப் பெயரிடுகிறார். அந்த நீலப் பூவின் சாற்றை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உணவு நிறமூட்டியாக அனுமதித்தது 2021இல்தான். அந்த நீரில் தேசிக்காய்ப் புளி சில துளி விட்டுப் பாருங்கள், நீலம் ஊதாவாக மாறும்.

1856இல் இலண்டனில் வில்லியம் பேர்க்கின் என்ற 18 வயது இளைஞர் மலேரியாவுக்கு மருந்து செய்ய முயன்றார். கிடைத்ததோ ஊதாச் சாயம். நிலக்கரித் தாரிலிருந்து பிறந்த செயற்கைச் சாயங்களின் காலம் அப்படித் தொடங்கியது. மலிவும் பளபளப்பும் வந்தன, கழிவும் வந்தது. நொய்யல் ஆறு சாயநீரால் கெட்டதன் பேரில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் உத்தரவிட்டது.

அதற்காகப் பழையது யாவும் தூய்மை என்று நான் சொல்ல வரவில்லை. நமது வடபுலத்துச் சாயவேர் பருத்தியில் அழியாத செந்நிறம் தந்தது. ஆனால், ஒல்லாந்தர் ஆட்சியில் அந்த வேரைத் தோண்டும் கடமை குறிப்பிட்ட குடிகளின் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. யாழ்ப்பாணக் கொமாந்தர் சுவார்தக்குறோன் 1697இல் எழுதிய நினைவுக் குறிப்பிலும் சாயவேர் பேசப்படுகிறது. இயற்கைச் சாயத்துக்குள்ளும் மனிதரின் வியர்வை கலந்திருந்தது.

2009இல் ஊரைவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது அம்மம்மாவும் இல்லை, மரமும் இல்லை. அயலில் வாங்கிய கன்றொன்றை அதே கிணற்றடியில் வைத்தேன். அது பூத்த வருடம் என் மகள் கைக்குட்டையொன்றைத் தோய்த்தாள். சில நாள் வெயிலில் அது வெளுத்துப் போயிற்று.

"அம்மா, கடைச் சாயம் எண்டால் நிக்குமே?" என்றாள்.

நிற்கும் என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. பூச்சாயத்தை அழியாச் சாயமென்று எவரும் விற்கக்கூடாது. அம்மம்மாவும் அப்படி நம்பியதில்லை. ஒவ்வொரு வருடமும் அதே துணியைத் திரும்பத் தோய்த்ததைக் கண்டிருக்கிறேன். அவவின் கைப்பழக்கம் அந்த மறுதோய்ச்சலிலேயே இருந்தது.

மறுநாள் விடிய எழுந்து பார்த்தேன். மகள் கிணற்றடியில் குந்தியிருந்து பூப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.